மாப்பிள்ளையின் காதுகள்

அருந்ததி அந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து ஜெகா அவளோடு நேராக ஒரு வார்த்தை பேசியதில்லை. சொல்லவேண்டியதையெல்லாம் முயலிடம்தான் சொல்வாள்.

"மாப்பிள்ளை, எனக்குப் பசிக்குதெண்டு சொல்லு."

குசினி வாசலில் நின்று, முயலை நெஞ்சோடு சேர்த்து அணைத்துக்கொண்டு, அதன் நீளக் காதுக்குள் வாயை வைத்துச் சொல்வாள். ஆனால் அடுப்படியில் நிற்பவளுக்கும் கேட்கும்படியாகவே சொல்வாள். அருந்ததியும் முதல் கிழமையிலேயே அந்த வழக்கத்தைப் பழகிக்கொண்டாள். கையில் பிடித்த அகப்பையோடு முயலைப் பார்த்தே பதில் சொல்வாள்.

"மாப்பிள்ளை, புட்டு இறக்கியாச்சு. கையைக் கழுவிக்கொண்டு வரட்டாமெண்டு சொல்லுங்கோ."

முயலுக்குக் கொடுத்த அந்த மரியாதையைக் கேட்டு ஜெகாவின் வாயோரம் ஒருமுறை துடித்தது. சிரிப்பு வெளியே வருமுன் திரும்பிக்கொண்டாள். அந்த வாயோரத் துடிப்பை நினைத்து நினைத்து அருந்ததி அன்று முழுவதும் உற்சாகமாக வேலை செய்தாள்.

வட்டக்கச்சிக் குடியேற்றத்தில், இரணைமடுக் குளத்துத் தண்ணீர் ஓடும் வாய்க்காலோரத்தில் இருந்தது தில்லைநாதனின் காணி. யாழ்ப்பாணத்திலிருந்து முதல் மனைவி இராசேஸ்வரியோடு வந்து, காடு வெட்டி, வயலாக்கிக் குடியிருந்தவன் அவன். மகள் ஜெகதீஸ்வரிக்கு, ஜெகாவுக்கு, நாலு வயதாக இருந்தபோது இராசேஸ்வரியை நெருப்புக் காய்ச்சல் கொண்டுபோய்விட்டது. பிறகு தீவுப்பகுதியில், செவ்வாய்க் குற்றத்தால் முப்பது வயதுவரை வீட்டோடு இருந்த அருந்ததியைப் பேசிக் கட்டிவைத்தார்கள்.

பிள்ளையார் கோயிலில் தாலி கட்டிய அன்றே, இறந்தவளின் அக்கா நாகேஸ்வரி அருந்ததியை ஒரு பக்கமாக அழைத்துப் போனாள். கெட்ட மனுஷி அல்ல. தங்கையின் பிள்ளையை நினைத்துக் கலங்கியவள்.

"எனக்கு உம்மிலை ஒரு கோபமும் இல்லை, பிள்ளை. ஆனால் ஜெகா ஒட்டாட்டில் வைச்சிருந்து என்ன செய்யிறது? தை பிறக்கப் பள்ளிக்கூடம் துவங்கும். அதுக்குள்ளை உம்மோடை ஒட்டினாள் எண்டால் இருக்கட்டும். இல்லாட்டில் நான் கூட்டிக்கொண்டு போறன். சாவகச்சேரியிலை என்ரை பிள்ளையளோடை படிக்கட்டும்."

"ஓம் அக்கா," என்றாள் அருந்ததி.

முயலை அந்த வீட்டுக்குக் கொண்டுவந்தவர் மஹ்றூப். நீராவிப்பிட்டியிலிருந்து சைக்கிளில் புடவை மூட்டையோடு வருகிற வியாபாரி; எல்லோரும் அண்ணன் முறையில் 'நானா' என்றே கூப்பிடுவார்கள். இராசேஸ்வரி உயிரோடு இருந்த காலத்தில், வெள்ளைக் குட்டி ஒன்றை ஓலைப் பெட்டியில் கொண்டுவந்து ஜெகாவிடம் கொடுத்திருக்கிறார். "இது ஒரு வேலையும் செய்யாது தங்கச்சி. திண்டிட்டுச் சாய்ஞ்சிருக்கும், புது மாப்பிள்ளை கணக்கா," என்றாராம். இராசேஸ்வரி விழுந்து விழுந்து சிரித்தாளாம். அன்று பிடித்த பெயர்தான் மாப்பிள்ளை.

இந்தக் கதையெல்லாம் மஹ்றூப் வாயால் அருந்ததி அறிந்தது. முயலின் காதைப் பற்றியும் அவர்தான் சொன்னார்.

"அதுக்கு எல்லா நோவும் காதிலைதான் துவங்கும், தங்கச்சி. மாரியிலை கவனமாப் பாக்கோணும். காதுக்குள்ளை ஈரம் நிண்டால் தவிடு மாதிரிப் பொருக்கு வரும், நாறும், தலையை உதறும். பொருக்கைக் கண்டால் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு ஊறவைச்சுத் துடைச்சுப்போடுங்கோ. தண்ணி மட்டும் படவிடாதேங்கோ. காதிலை பிடிச்சுத் தூக்கவும் கூடாது."

"உதெல்லாம் சின்னவளுக்குத் தெரியும், நானா. நான்தான் படிக்கோணும்."

உண்மையில் ஜெகாவுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. பொழுது சாயுமுன் கூட்டைத் திறந்து, முயலை மடியில் வைத்து, ஒரு காதை விரித்து மேற்கு வெயிலுக்குப் பிடிப்பாள். வெயில் ஊடுருவி, காது முழுதும் இளஞ்சிவப்பாகி, உள்ளே நரம்புகள் மரத்துக் கிளைகள்போலத் தெரியும். மூக்கை வைத்து மணந்து பார்ப்பாள். பிறகு மடித்து வைத்த ஒரு நூல்சேலைத் துண்டால் அடிவரை மெதுவாகத் துடைப்பாள். அந்தத் துண்டு இராசேஸ்வரியின் சேலையில் கிழித்தது. தாய் எப்படித் துடைத்தாளோ அப்படியேதான் மகளும் துடைத்தாள். அந்தத் துணியில் அருந்ததியின் கை பட அவள் விட்டதில்லை.

அருந்ததி தனக்கு மிச்சமாயிருந்த வேலையைச் செய்தாள். ஐப்பசி பிறந்ததும் வெயில் ஒளித்துக்கொண்டது. உப்புச் சட்டியில் உப்புக் கரைந்தது. கொடியில் போட்ட சேலை நாலு நாளாகியும் காயாமல் பூஞ்சணம் மணத்தது. வறண்ட தீவில் வளர்ந்தவளுக்கு இப்படியொரு ஈரம் புதிது. கூட்டுக்குள் விரிக்கும் வைக்கோலை அடுப்புக்கு மேலுள்ள பரணில் போட்டு, புகையிலும் சூட்டிலும் உலர்த்தி, விடிய ஒருமுறை பொழுதுபட ஒருமுறை மாற்றினாள். கூட்டின் மேல் போடப் பின்னிய தென்னோலைக் கிடுகு போதாதென்று தில்லைநாதனை நச்சரித்தாள்.

"முயலுக்கு வீடு கட்டியே நான் களைச்சுப்போவன்," என்று சொல்லிக்கொண்டே அவன் புதுக் கிடுகாய்ப் பார்த்து இரட்டையாக வேய்ந்தான். "இனி எனக்கு மழைக்கு ஒதுங்க இடமில்லாட்டில் உதுக்குள்ளைதான் படுக்கவேணும்."

"மாப்பிள்ளை, அப்பாவுக்கு இடமில்லையெண்டு சொல்லு," என்றாள் ஜெகா.

மூவரும் சிரித்தார்கள். ஒரே நேரத்தில் மூவரும் சிரித்தது அதுதான் முதல் தடவை.

தீபாவளி விடியலில் அருந்ததி எழும்பி, தேசிக்காயும் வெந்தயமும் சீயாக்காயும் போட்டு அவித்து, நல்லெண்ணெயை இளஞ்சூடாக்கி வைத்தாள். கிணற்றடியில் பலகை போட்டு, உள்ளங்கையில் எண்ணெயோடு காத்திருந்தாள். எண்ணெய் வைத்து, தலையில் தண்ணீர் ஊற்றித் தோய வார்ப்பது தாய் செய்கிற வேலை. இரண்டு தீபாவளியாக ஜெகாவின் தலையில் யாருடைய கையும் படவில்லை. தகப்பன் கூப்பிட்டால் கட்டிலுக்குக் கீழே போய் ஒளித்துக்கொள்வாளாம்.

அன்று அவள் ஒளிக்கவில்லை. முயலைத் தூக்கிக்கொண்டு கிணற்றடிக்கு வந்தாள். எண்ணெய்க் கையைப் பார்த்தாள். பிறகு காதுக்குள் குனிந்தாள்.

"மாப்பிள்ளை, உனக்கும் தீபாவளிதானே. உனக்கும் வார்க்கச் சொல்லு. வார்த்தால் நானும் இருக்கிறனெண்டு சொல்லு."

அருந்ததி முயலைப் பார்த்துக் குனிந்தாள்.

"மாப்பிள்ளை, தண்ணி படக்கூடாதெண்டு மஹ்றூப் நானா சொன்னவரெல்லோ?"

"காதிலைதான் படக்கூடாதெண்டு சொல்லு. உடம்பிலை பட்டால் என்ன? காதை நான் பொத்திப் பிடிப்பன்."

முடியாதென்று சொல்லியிருக்கலாம். ஆனால் அந்தப் பிள்ளை அவளிடம் கேட்ட முதல் காரியம் அது. மறுத்தால் அந்தச் சின்னத் தலை மறுபடி கட்டிலுக்குக் கீழே போய்விடும். தை மாதம் தொலைவில் இல்லை.

"சரி," என்றாள். "ஒரு சொட்டு. சாட்டுக்கு."

ஜெகா இரண்டு கையாலும் காதுகளைப் பொத்திப் பிடித்தாள். அருந்ததி முயலின் முதுகில் எண்ணெய் தொட்டுத் தடவி, சிரட்டையில் இளஞ்சூட்டுத் தண்ணீர் எடுத்து மெல்ல வார்த்தாள். இரண்டாம் சிரட்டைக்கு முயல் பின்னங்காலால் ஓங்கி உதைத்தது. முயலின் எண்ணெய் பட்டு ஜெகாவின் கை வழுக்கியது. சிரட்டை கவிழ்ந்து, தண்ணீர் தலையோடு ஊற்றுண்டது.

இருவரும் பதறினார்கள். சேலைத் தலைப்பாலும் அந்த நூல்துண்டாலும் மாறிமாறித் துடைத்தார்கள். அந்த அவசரத்தில் துண்டை அருந்ததி வாங்கியதையும் ஜெகா தடுக்கவில்லை. முயல் நனைந்து பூனைக்குட்டியளவாகி, மூக்கை விடைத்துக்கொண்டு முறைத்தது. ஜெகாவுக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. அருந்ததிக்கும் வந்தது.

"மாப்பிள்ளைக்குக் கோபம்!"

பிறகு ஜெகா பலகையில் வந்து உட்கார்ந்தாள். அருந்ததி அந்தத் தலையில் கை வைத்தாள். எண்ணெய் காணாமல் கிடந்த மயிர். உச்சியில் மூன்று முறை வைத்து, விரல்களால் அளைந்து தேய்த்தாள். பிள்ளை கண்ணை மூடிக்கொண்டது. கழுத்து தளர்ந்து, தலை பின்னால் சாய்ந்து அருந்ததியின் முழங்காலில் பட்டு நின்றது. அருந்ததி அசையாமல் இருந்தாள். கால் மரத்துப்போயும் அசையவில்லை. தோய வார்த்து முடிந்து, சேலை நுனியைத் திரித்து ஜெகாவின் காதுகளை உள்ளே துடைத்துவிட்டபோது, பிள்ளை கூசித் தோளைக் குறுக்கியதே தவிர விலகவில்லை.

அன்று நல்ல வெயில் எறித்திருந்தால் எல்லாம் சரியாகப் போயிருக்கும். வெயில் எறிக்கவில்லை. தீபாவளிப் பகலிலேயே இருட்டிக்கொண்டு வந்த மழை, இடையில் மூச்சுவிட நின்றதே தவிர, கிழமைக்கணக்கில் விடவில்லை. முயலின் மயிர் அடுப்புச் சூட்டில் காய்ந்தது. காதின் அடியில் நின்ற ஈரம் யாருக்கும் தெரியவில்லை.

முதலில் தலையை உதறியது. பிறகு பின்னங்காலால் இடது காதை ஓயாமல் விறாண்டியது. ஜெகா காதை விரித்துப் பிடித்தாள்; பிடித்துப் பார்க்க வெயில் இல்லை. அருந்ததி விளக்கைக் கொண்டுவந்து காட்டினாள். அடியில் மஞ்சளாய்ப் பொருக்கு. மணந்து பார்த்த ஜெகா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

உள்ளிப்பூண்டு போட்டுக் காய்ச்சிய எண்ணெயை ஆறவைத்துச் சொட்டுச் சொட்டாக விட்டார்கள். பொருக்கு ஊறிக் கழன்றது; அடுத்த நாள் மறுபடி வந்தது. தில்லைநாதன் மாட்டு டாக்குத்தரிடம் கேட்டுப் பார்ப்பதாகச் சொல்லிச் சைக்கிளில் கிளிநொச்சிக்குப் புறப்பட்டான். தலை முழுக்க நனைந்து பாதியில் திரும்பி வந்தான்.

"பாலத்துக்கு மேலாலை தண்ணி பாயுது. ஆளே நிக்கேலாது."

ஒருநாள் விடிய, முயலின் தலை ஒரு பக்கமாகச் சரிந்து கிடந்தது. எழுப்பி விட்டால் சரிந்த பக்கமாகவே வட்டம் சுற்றிச் சுற்றி வந்து விழுந்தது. வெள்ளம் வடிந்த முதல் நாள் மஹ்றூப் வந்தார். முயலைக் கையில் தூக்கிக் கண்ணைப் பார்த்தார். இருவரையும் பார்க்காமல் கூட்டுக்குள் திரும்ப வைத்தார்.

"காதுக்குள்ளாலை தலைக்குள்ளை போட்டுது, தங்கச்சி. இனி அல்லாட கையிலை."

அன்று பின்னேரம் அருந்ததி உலர்ந்த வைக்கோலை அணைத்துக்கொண்டு கூட்டடிக்குப் போனாள். ஜெகா அங்கே முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். முயலை மடியில் வைத்து, நோயில்லாத வலது காதுக்குள் சொல்லிக்கொண்டிருந்தாள். இம்முறை குசினிக்குக் கேட்கும்படி அல்ல. மிக மெல்ல. அருந்ததி இரண்டடி தள்ளி நின்றபடியால்தான் கேட்டது.

"நான்தானே வார்க்கச் சொன்னனான். நான்தானே கையை விட்டிட்டன். அங்கை போய் அம்மாட்டைச் சொல்லிப்போடாதை, மாப்பிள்ளை. அம்மா என்னை வேண்டாமெண்டு சொல்லிப்போடுவா. சொல்லமாட்டாய் என்ன?"

அருந்ததி வைக்கோலைச் சத்தமின்றி நிலத்தில் வைத்துவிட்டுக் குசினிக்குத் திரும்பி வந்தாள். அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்தாள். சோறு அடிப்பிடித்த மணம் வந்தபிறகும் எழும்பவில்லை.

மறுநாள் காலை முயல் விறைத்துக் கிடந்தது. தில்லைநாதன் வேலியோரம் கிடங்கு வெட்டினான். ஜெகா அழவில்லை. கையில் அந்த நூல்துண்டைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு, கிடங்கையே பார்த்தபடி நின்றாள். ஆறு வயது முகத்தில் அப்படியொரு பயத்தை அருந்ததி கண்டதில்லை.

"ஜெகா," என்றாள் அருந்ததி.

முயலின் பெயரைச் சொல்லாமல் அவளை நேராகக் கூப்பிட்டது அதுவே முதல் தடவை. பிள்ளை நிமிர்ந்தது.

"தோய வார்த்ததாலை இல்லை, பிள்ளை. அந்தத் தண்ணியை நாங்கள் அப்பவே வடிவாத் துடைச்சிட்டம். பிறகொரு நாள் காத்துக்குக் கூட்டுக் கிடுகு விலகிக் கிடந்தது. நான் கண்டும் சரிசெய்யாமல் விட்டிட்டன். அடுப்பு வேலையிலை மறந்துபோனன். விடிய விடிய மழை மாப்பிள்ளையின்ரை தலையிலைதான் ஒழுகியிருக்கு. அதாலைதான் வந்தது. என்ரை பிழை."

தில்லைநாதன் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு மனைவியைப் பார்த்தான். அவள் அவனைப் பார்க்கவில்லை.

ஜெகாவின் முகத்தில் இருந்த பயம் முதலில் கரைந்தது. அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள் அருந்ததி. பயம் போன இடத்தில் மெல்ல மெல்ல வேறொன்று வந்து நிரம்பியது.

"நீங்கள்தான்," என்றாள் ஜெகா. "நீங்கள்தான் சாக்காட்டினனீங்கள்."

"ஓம்."

"நீங்கள்தான்!"

"ஓம், பிள்ளை. நான்தான்."

அப்போதுதான் ஜெகாவுக்கு அழுகை வந்தது. தகப்பனின் காலைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதாள். அழட்டும் என்று அருந்ததி விட்டுவிட்டு உள்ளே போனாள். போகிற வழியில் ஒன்று உறைத்தது. பிள்ளை அவளிடம் நேராகப் பேசிய முதல் வார்த்தைகள் இவை.

தில்லைநாதன் கை கழுவ வந்தபோது கேட்டான்.

"ஏன் பொய் சொன்னனீர்? நான் வேய்ஞ்ச கூரை. ஒரு சொட்டு ஒழுகாது. உமக்கும் தெரியும்."

"தெரியும்."

"இனி அவள் உம்மட்டை எப்படியப்பா வருவாள்? அக்கா வரப்போறா."

"அவள் என்னை வெறுக்கட்டும்," என்றாள் அருந்ததி. வாளித் தண்ணீரைச் செம்பில் மொண்டு அவன் கையில் ஊற்றினாள். "தன்னைத் தானே வெறுக்கிற வயசே அது? நான் வளர்ந்த மனுஷி. எனக்குத் தாங்கும்."

சொல்லும்போதே தாங்கவில்லை. செம்பை வைத்துவிட்டு முகத்தைச் சேலையில் புதைத்துக்கொண்டாள். அவன் ஈரக்கையோடு அவள் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

அதன்பிறகு அந்த வீட்டில் "சொல்லு" என்பதும் இல்லை, "சொல்லுங்கோ" என்பதும் இல்லை. ஜெகா வருவாள், சாப்பிடுவாள், கோப்பையைக் கழுவி வைப்பாள். பசித்தாலும் கேட்கமாட்டாள். வெற்றுக் கூட்டுக்கு முன்னால் தனியே போய் நிற்பாள். ஒருமுறை அவள் கூட்டின் மேல் ஏறிக் கிடுகைத் தடவிக்கொண்டிருந்ததைத் தில்லைநாதன் கண்டு, விழுந்துவிடுவாய் என்று இறக்கிவிட்டான்.

பொங்கல் முடிந்த கையோடு நாகேஸ்வரி வந்தாள். ஒருநாள் தங்கி எல்லாவற்றையும் பார்த்தாள். யாரையும் குறை சொல்லவில்லை. "போவமா, குஞ்சு?" என்று கேட்டாள். ஜெகா தலையாட்டினாள்.

சட்டைகளை அருந்ததிதான் மடித்து வைத்தாள். தகரப் பெட்டியின் அடியில் அந்த நூல்துண்டு ஏற்கனவே வைக்கப்பட்டிருந்தது. அதைத் தொடாமல், மேலே சட்டைகளை அடுக்கி மூடினாள்.

கிளிநொச்சிச் சந்தியில் யாழ்ப்பாண பஸ் உறுமிக்கொண்டு நின்றது. தில்லைநாதன் பெட்டியை மேலே ஏற்றிக் கட்டுகிறவனோடு நின்றான். யன்னலோரத்தில் ஜெகா, பக்கத்தில் நாகேஸ்வரி. கீழே, யன்னலுக்கு நேரே அருந்ததி.

"போயிட்டு வாறனெண்டு சொல்லு, குஞ்சு," என்றாள் நாகேஸ்வரி.

ஜெகா கம்பியைப் பிடித்துக்கொண்டு ரோட்டைப் பார்த்தாள். பிறகு நாகேஸ்வரியின் பக்கம் சாய்ந்தாள்.

"பெரியம்மா, கூட்டை உடைக்கவேண்டாமெண்டு அவாட்டைச் சொல்லுங்கோ."

"அவா இந்தா நிக்கிறா. நீயே சொல்லன்."

அருந்ததிக்கு அது மாதக்கணக்காய்ப் பழகிய பழக்கம். வாய் தானாகவே அந்த வழிக்குப் போனது.

"உடைக்கமாட்டனெண்டு சொல்லுங்கோ, அக்கா. மேலே போட்ட கிடுகையும் மாத்தி, நல்லாக் கட்டி வைக்கிறனெண்டு சொல்லுங்கோ."

ஜெகா இப்போது திரும்பினாள். பெரியம்மாவை அல்ல, அருந்ததியையே பார்த்தாள்.

"கிடுகு நல்லாத்தான் இருக்கு," என்றாள். "நான் ஏறிப் பாத்தனான். மழைக்குள்ளையும் கையை விட்டுப் பாத்தனான். உள்ளுக்குள்ளை காய்ஞ்சுதான் கிடந்தது. அது ஒருநாளும் ஒழுகேல்லை."

பிள்ளையின் உதடு கோணியது. அந்தப் பயம், கிடங்கு வெட்டிய காலையில் கண்ட அதே பயம், மறுபடி அந்த முகத்தில் இருந்தது. எங்கும் போயிருக்கவில்லை. இத்தனை நாளும் அதை யாருக்கும் சொல்லாமல் தனியே வைத்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

அருந்ததி கம்பியைத் தாவிப் பிடித்தாள். பஸ் குலுங்கி நகரத் தொடங்கியது.

"ஜெகா! உன்ரை பிழை இல்லையடி! நீ சின்னப்பிள்ளை, நான்தான் மாட்டனெண்டு சொல்லியிருக்கோணும்! அம்மா உன்னை வேண்டாமெண்டு சொல்லமாட்டா! கேக்குதே, ஜெகா?"

ஓடிக்கொண்டே கத்தினாள். இயந்திரத்தின் இரைச்சலில் அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை. கம்பி கையிலிருந்து நழுவியது. செருப்பு ஒன்று சேற்றில் புதைந்து நின்றுவிட்டது.

யன்னலில் அந்தச் சின்ன முகம் தெரிந்தது. ஜெகா ஒரு கையைக் காதுக்குப் பின்னால் குவித்து வைத்துக் காட்டினாள். கேட்கவில்லை. பஸ் வளைவில் திரும்பி மறையும்வரை அந்தக் கை காதிலேயே இருந்தது.